கீழே நின்றவன்

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவன் கோபித்துக்கொள்வான் என்று இல்லை. அவனுக்கு எதற்குத்தான் கோபம் வந்தது? திட்டினால் சிரிப்பான். காலை மிதித்தால் சிரிப்பான். தலையில் சாணியைக் கொட்டினாலும், "வுடு மச்சான், காஞ்சா உதிந்துரும்" என்பான். கோபம் எனக்குத்தான். இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை. அந்தப் பெயரை எழுத ஆரம்பித்தால் பக்கம் முழுக்க வசவாகத்தான் வரும்.

ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் அவன் சிரித்ததில்லை. 'டூப்பு.'

ஒருநாள் மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனை ஒட்டிய டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். முந்தின நாள் கேபிளில் பார்த்த அமெரிக்க மல்யுத்தத்தைப் பற்றி நான் அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் டிபன் பையோடு நின்ற ஒரு ஆபீஸ்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் டூப்பு சண்டை தம்பி. முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு விழறாங்க" என்றார்.

இவன் கிளாசை வைத்தான். "இன்னா சார் சொன்ன?"

"டூப்புன்னேன். ஏன்?"

"உன் கல்யாணம் பேசி வெச்சித்தான சார் பண்ணாங்க? அது டூப்பா? பேசி வெச்சிகினு வுயுந்தா நோவாதா? எங்க, நான் சொல்லிட்டே ஒண்ணு வுடறேன், நோவுதா பாரு."

அவர் முகம் செத்துவிட்டது. நான் இவனை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தேன். இழுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, அப்படி ஒரு உடம்பு. என்னைவிட ஒரு விரற்கடைதான் உயரம், ஆனால் அகலம் இரண்டு மடங்கு. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு மரப்பீரோவை நிற்க வைத்த மாதிரி இருப்பான்.

அந்த உடம்பு பல்லாவரத்துத் தோல் கம்பெனி கொடுத்தது. லாரி வந்து நிற்கும். மேலே இருப்பவன் ஈரத்தோலைச் சுருட்டிக் கீழே விடுவான். உப்பும் ரத்தமும் தண்ணீரும் ஊறிய மாட்டுத்தோல் ஒரு ஆள் கனம் இருக்கும், கையில் நிற்காது, வழுக்கும். அதைக் கீழே நின்று மார்பில் வாங்கி முதுகுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். இவன் வாங்குகிற ஆள். அந்த முதுகை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அம்மா மட்டும்தான் அவனுக்கு, அவருக்கும் கண் சரியாகத் தெரியாது. "என் புள்ள முதுகு இரும்புப்பா" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இப்போது அதை நினைத்தால் எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருக்கிறது.

நாங்கள் பழகியது கேபிள் அண்ணன் அறையில். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் முதலில் கேபிள் இழுத்தவர் அவர். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறை, நாலைந்து டிவிப் பெட்டி, கேசட் போடும் வீடியோ டெக் இரண்டு. மல்யுத்தம் வரும் நேரத்தில் இளைஞர்கள் அங்கே அடைந்து கிடப்பார்கள். நான் கல்லூரி இரண்டாம் வருடம். அப்பா மத்திய அரசு அலுவலகம். சேலையூர் பக்கம் காலனி வீடு. அந்த அறையில் நானும் அவனும்தான் குள்ளம். மற்றவர்கள் எல்லாரும் மலை மாதிரி இருக்கும் ராட்சசர்களுக்காக அடித்துக்கொண்டபோது, நாங்கள் இரண்டு பேரும் சின்ன ஆட்கள் மோதும் ஆட்டம் வருமா என்று காத்திருந்தோம்.

ஒருநாள் வந்தது. ஒருத்தன் முகமூடி போட்டவன், இன்னொருத்தன் வெள்ளைக் கால்சட்டை. இரண்டு பேரும் எங்கள் உயரம்தான் இருப்பார்கள். அப்பப்பா, என்ன ஆட்டம் அது! கயிற்றில் ஏறுகிறான், எகிறுகிறான், காற்றிலேயே ஒரு குட்டிக்கரணம். கடைசியில் முகமூடிக்காரன் மூலைக் கம்பத்தின் உச்சியில் நின்று, கயிறுகளையெல்லாம் தாண்டி, வெளியே தரையில் நின்ற வெள்ளைக் கால்சட்டை மேல் பாய்ந்தான். அறையே கூரையைப் பிய்த்தது. கேபிள் அண்ணன் அதை கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். நான் அந்தப் பாய்ச்சலையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன்.

அப்போதுதான் இவன் என் தாடையைப் பிடித்துத் திருப்பினான். "மேல பாக்காத மச்சான். கீய பாரு. கீய நிக்கிறவன பாரு."

பார்த்தேன். கீழே நின்றவன் கையை விரிக்கிறான். மேலிருந்து வருகிறவன் மோதியதும் அரை அடி பின்னால் போகிறான், முழங்காலை மடக்குகிறான், வருகிறவன் தலைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுக்கிறான், பிறகு தன் முதுகால் தரையில் விழுகிறான். அதற்குள் படம் முகமூடிக்காரனுக்குத் திரும்பிவிடுகிறது. கைதட்டலும் அவனுக்குத்தான்.

"இவன் புடிக்கலன்னா அவன் மண்ட பொளந்துரும். ஆனா எவன் இவனப் பாக்கறான்? த்தூ" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அவனுடைய வியாதி அதுதான், பிடிக்கிற வியாதி. எது விழுந்தாலும் கை நீட்டிவிடுவான். தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு காலை நேரம், மின்சார ரயில் நிற்பதற்கு முன்னாலேயே ஒரு கல்லூரிப் பையன் வண்டி போகிற திசைக்கு எதிரே பார்த்துக் குதித்துவிட்டான். பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் போயிருப்பான். இவன் பாய்ந்து அவனை மார்போடு வாங்கி உருண்டான். உருண்ட வேகத்தில் அந்தப் பையனின் சட்டைப்பை கிழிந்திருந்தது, பர்ஸ் இவன் காலடியில் கிடந்தது. "பர்ஸு! பர்ஸு!" என்று கத்தினான் பாருங்கள், அந்த நன்றிகெட்ட ஜென்மம்! கூட்டம் கூடி இவனை அடித்தது. லுங்கியும் தோல் வாடையுமாக ஒருத்தன் நின்றால் அவன் பிக்பாக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று டிக்கெட் வாங்கியவன் எல்லாம் முடிவு கட்டிவிட்டான். பின்னால் வந்த நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனபோது இவன் உதடு கிழிந்து ரத்தம் வழிகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை.

"வாயில என்னடா கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே!"

"அவன் பயந்துட்டான் மச்சான். பயத்துல கத்தறான். நான் வேற கத்தினா இன்னும் பயந்துருவான்."

இந்தப் பதிலுக்கு என்ன செய்வது? அங்கேயே நானும் ஒரு அறை விட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அவனுக்கு மரியாதை வழிந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். வந்தால் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான். அம்மா மோர் கொடுப்பாள், அதற்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாக வைத்திருந்தாள், அதைக் கழுவிக் குழாயடியிலேயே கவிழ்ப்பாள். நான் ஒருநாள் அந்த டம்ளரைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். அம்மா அழுதாள். அவன் ஓடிப்போய் அதைப் பொறுக்கிவந்து, நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் தட்டிச் சரிசெய்து கேட்டுக்குமேல் வைத்தான். "அம்மாகிட்ட போய் இன்னாத்துக்குடா எகிர்ற?" என்று என்னையே திட்டினான்.

அந்த வருடம் காணும் பொங்கலுக்கு மல்யுத்தம் காட்டும் யோசனை கேபிள் அண்ணனுடையது. தெருத்தெருவாகப் புது ஆட்கள் கேபிள் இழுக்க ஆரம்பித்திருந்த நேரம். "தம்பிங்களா, இந்தப் பொங்கலுக்கு நம்ம கிரவுண்டுல நெசமான ரிங்கு போட்டு ஆட்டம் காட்டறோம். ரெண்டு பேரும் அந்தக் கேசட்டு மாதிரியே பண்ணணும். அப்புறம் பாரு, ஜனம் நம்ம கனெக்‌ஷன வுட்டு நவுராது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் பறக்கிறவன். எடை குறைவு, அதோடு பிடிக்கிற வேலைக்கு அவனைத் தவிர யார் இருக்கிறார்கள்?

முடிச்சூரில் அறுப்பு முடிந்த வயல்களில்தான் பழகினோம். அப்போது அங்கே வயல் இருந்தது. வைக்கோல் போர்மேல் ஏறிக் குதிப்பேன், அவன் கீழே நின்று வாங்குவான். முதல் நாளே ஒரு சட்டம் போட்டான். குதிக்கும் முன் அவன் கையைப் பார்க்க வேண்டும். கை இரண்டும் விரிந்திருந்தால் வரலாம். கை இரண்டும் முழங்காலில் இருந்தால் வரக்கூடாது. எவன் கத்தினாலும், உலகமே கைதட்டினாலும் வரக்கூடாது. லாரியில் தோல் இறக்குபவர்களுக்கும் அதுதான் சைகை. கீழே தரை வழுக்கினாலோ, பிடிக்கிறவன் கால் சரியாக ஊன்றவில்லை என்றாலோ முழங்காலில் கை வைத்துவிடுவான், மேலே இருப்பவன் தோலை விடமாட்டான்.

"அம்மா மேல சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். அத்தனை பழக்கத்திலும் அவன் முழங்காலில் கை வைத்து நான் பார்த்ததில்லை.

காணும் பொங்கல் சாயங்காலம். மேடைப் பலகைகளை அடுக்கி ரிங், நாலு மூலையிலும் சவுக்குக் கம்பம், கயிற்றின் மேல் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. உள்ளே கல்யாண மண்டபத்து மெத்தைகள். வெளியே ஒரு பக்கம், கடைசிப் பாய்ச்சலுக்காக, மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஜமக்காளம் விரித்திருந்தோம். போட்டவனே அவன்தான். ஏறி நின்று, குதித்துப் பார்த்து, திருப்தியான பிறகுதான் சட்டையைக் கழற்றினான்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது சீஃப் கெஸ்ட் வந்தார், எங்கள் பக்கத்துப் பெரும்புள்ளி. அவர் தனியாக வந்து தொலைத்திருக்கக் கூடாதா? வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கூடவே வந்துவிட்டார்கள். நாற்காலி தீர்ந்துபோயிருந்தது. புழுதி அடங்கட்டும் என்று மத்தியானம் தண்ணீர் லாரி விட்டு நனைத்ததில் தரை முழுக்க ஈரம். கேபிள் அண்ணன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 'பெரிய வூட்டுப் பொம்பளைங்க ஈர மண்ல குந்துவாங்களா?' ஜமக்காளத்துக்கு அடியிலிருந்து மெத்தைகளை உருவி அவர்களுக்கு விரித்தார். மேடு தெரிய வேண்டுமே, அதற்கு முந்தின நாள் மாடுகளுக்கு வந்த வைக்கோலில் மிச்சத்தை உதறிப் போட்டு, மேலே அதே ஜமக்காளத்தை இழுத்துவிட்டார். நாங்கள் உள்ளே ஒருவரையொருவர் சுழற்றிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதெல்லாம் மறுநாள் அவரே எனக்குச் சொன்னது, ஏதோ பந்தியில் இடம் மாற்றிப் போட்ட மாதிரி.

ஏற்பாட்டின்படி நான் உதைத்தேன், அவன் தள்ளாடிக் கயிற்றுக்கு வெளியே விழுந்து, எழுந்து, ஜமக்காளத்தின்மேல் போய் நின்றான். நான் மூலைக் கம்பத்தில் ஏறினேன். கம்பம் ஆடியது. ஜனம் கத்துகிறது. அவன் ஒரு தடவை குனிந்து தன் காலைப் பார்த்தான். நான் அதைப் பார்த்தேன், நடிப்பு என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அவன் கையைப் பார்த்தேன்.

கை இரண்டும் விரிந்திருந்தது.

குதித்தேன். எப்போதும்போல் பிடித்தான். என் தலைக்கு அடியில் அவன் உள்ளங்கை எப்போதும்போல் வந்து நின்றது. சத்தம் மட்டும் வேறு. ஈரத்தோலைச் சிமெண்டுத் தரையில் போட்டால் வருமே, அந்தச் சத்தம். எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. என் கீழே அவன் மூச்சு வெளியே போனது, திரும்பி உள்ளே வரவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

"டேய், என்னடா? டேய்!"

"எயுந்துரு" என்றான், காற்று மாதிரி. "கைய தூக்கு. ஜனம் பாக்குது."

மைக்கில் கேபிள் அண்ணன் குரல், "பாருங்க, பாருங்க! என்னா நடிப்பு! பெரிய பெரிய நடிகன்லாம் தோத்தான்!" விசில் பறந்தது. யாரோ என்னைத் தூக்கி மாலை போட்டார்கள். அவன் எழ முயன்று இடுப்புக்குக் கீழே எதுவும் கேட்காமல் மறுபடி சாய்ந்தபோது மைதானமே சிரித்தது. "போதும் எழுந்திருடா டேய்!" என்று ஒருத்தன் வேர்க்கடலைத் தோலை அள்ளி அவன்மேல் வீசினான். மெத்தையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, "நெஜமாவே அடிபட்டிருக்கு, தூக்குங்கடா!" என்று அலறினேன். அதற்கும் கைதட்டினார்கள். நானும் நன்றாக நடிக்கிறேனாம்.

அரசு ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தான். போகப்போக நடக்க முடியும், ஆனால் இனிமேல் பத்து கிலோ அரிசிகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே அவன் அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு, "வலி போனா லாரிக்குப் போவலாம் இல்லப்பா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதுல்ல உனக்கு? காலுக்கடியில மெத்தை இல்லன்னு தெரிஞ்சுதுல்ல? ஏண்டா கைய விரிச்ச?" என்று கேட்டேன்.

"நீ ஏறிட்ட மச்சான். ஏறினவன எப்பிடி எறக்கறது? அத்தினி ஜனம் உன்னப் பாத்து சிரிக்கும்."

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே! என்ன குடி முழுகிப் போய்விடும்? ஒரு நாள் சிரிப்பான், மறுநாள் மறந்துவிடுவான். அதற்கு முதுகைக் கொடுப்பானா ஒருத்தன்? ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே தள்ளினாள்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. கேபிள் அறையில் கேசட் மாற்ற, கனெக்‌ஷன் பார்க்க உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலை ஒன்று இருந்தது. அதைக் கேபிள் அண்ணன் இவனுக்குக் கொடுக்க வேண்டும். மெத்தையை உருவியது தான்தான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் போய்க் கேட்டபோது பிடி கொடுக்கவில்லை. வீட்டில் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து அப்பாவைக் கிளப்பினேன். இவன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஆட்டோவில் கூட்டிவந்து, அந்த மாடிப்படியில் கைத்தாங்கலாக ஏற்றி, அறையில் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

கேபிள் அண்ணன் அப்பாவுக்கு நாற்காலி போட்டார், காபி சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், படிச்சவங்க நீங்களே இப்பிடிப் பேசறீங்க. அது டூப்பு சண்டை சார். டூப்பு சண்டைல எங்க சார் முதுகு போவும்? தோல் தூக்கித் தூக்கி ஏற்கெனவே போயிருக்கும்."

நான் சட்டென்று இவனைத் திரும்பிப் பார்த்தேன். டீக்கடையில் கிளாசை வைத்தானே, அந்த முகத்தைத் தேடினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெத்தைய உருவினீங்க! நீங்களே எங்கிட்ட சொன்னீங்க!" என்று நான் பாய்ந்தேன்.

கேபிள் அண்ணன் என்னைச் சட்டை செய்யவில்லை. அப்பா பக்கம் குனிந்தார். "சரி, நெசமாவே அடிபட்டுச்சுன்னே வெச்சிக்குவோம் சார். குதிச்சது யாரு? உங்க பையன். ஊரே பாத்துச்சு. வாங்க, ஸ்டேஷனுக்கே போவலாம். கேசுன்னு வந்தா மொதப் பேரு யாருதுன்னு நீங்களே யோசிங்க. கவர்மெண்டு உத்தியோகம் உங்களுது, தம்பியும் படிச்சிகினு கீது."

அப்பாவின் முகத்தில் ரத்தம் இல்லை. டம்ளரைக் கீழே வைத்தார். முதல் தடவையாக இவன் பக்கம் திரும்பி, முதல் தடவையாக மரியாதையோடு பேசினார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. என் பையன் உங்க மேல விழுந்ததாலதானா?"

அவன் நிமிர்ந்தான். அப்பாவைப் பார்த்துச் சிரித்தான், அதே பாழாய்ப்போன சிரிப்பு.

"டூப்பு சார் அது. தம்பி என் மேல படவே இல்ல."

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது. அந்த வார்த்தை! "பொய்! பொய் சொல்றான்ப்பா! நான் அவன் மேலதான் விழுந்தேன், சத்தம் கேட்டேன்!" என்று கத்தினேன்.

"அடிபட்டவனே இல்லேங்கறான். உனக்கு என்னடா? வா" என்று அப்பா என் கையைப் பிடித்தார். எத்தனை நிம்மதி அந்தப் பிடியில்! வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். நான் உதறினேன். உதறிக்கொண்டு, அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி உண்மையைக் கக்க வைக்க வேண்டும் என்று திரும்பினேன்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. கை இரண்டையும் எடுத்து மெதுவாக முழங்காலில் வைத்தான்.

வராதே.

இந்தக் கையை அன்றைக்கு அந்த ஜமக்காளத்தின்மேல் நிற்கும்போது வைத்திருக்கக் கூடாதாடா, படுபாவி!